சரி, அடுத்தது

மைக்கின் தலையை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள் குமுதா. தட்டமாட்டாள். தட்டினால் முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்கு நெஞ்சு படபடக்கும் என்பது அவள் கட்சி. பின்னால் ஒலிப்பெட்டியருகே உட்கார்ந்திருந்த முகம்மது கனி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவள் அரங்கைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வந்தவர்களை வரவேற்கத் தொடங்கினாள். மலாயில் ஒரு வாக்கியம், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்.

ஜார்ஜ் டவுனில் பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கைப் பள்ளி அவளுக்குச் சம்பளம் கொடுப்பது கோப்புகளைப் பார்த்துக்கொள்ள. ஊருக்கு அவளைத் தெரிந்திருப்பது நிகழ்ச்சிகளால். தண்ணீர்க் கட்டணம் பற்றிய சொற்பொழிவு, வெள்ளத் தடுப்புப் பயிலரங்கு, தீபாவளித் திறந்த இல்ல விருந்து, எதுவானாலும் மேடையின் இடது ஓரத்தில் குமுதா நிற்பாள். சொற்பொழிவுக்கு பாஜு குரோங் என்ற மலாய் உடை, கலைநிகழ்ச்சிக்குச் சேலை. இரண்டுக்கும் ஒரே கறுப்புச் செருப்பு. நடந்தால் சத்தம் வராது.

பேச்சாளர் வந்து இறங்கியதும் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்பாள். பின்லாந்துக்காரர் ஒருவரின் பெயரைக் கழிவறைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு வந்து சொன்னாள். அவர் எழுந்து தனியாக அவளுக்குக் கை தட்டினார். பட்டங்களின் வரிசை அவளுக்கு மனப்பாடம். டத்தோவுக்கு முன்னால் பேராசிரியரை அழைத்துவிட்டால், டத்தோ தேநீர் குடிக்காமலே புறப்பட்டுவிடுவார்.

"பேர தப்பா சொன்னா மன்னிச்சுருவாங்க. பட்டத்த விட்டா கொன்னுருவாங்கலா," என்பாள்.

சொற்பொழிவை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் நேரம் கைவிட்டுப் போய்விடுமாம். பேச்சு தொடங்கியதும் பக்கவாட்டு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் இரண்டு அட்டைகளை வைத்துக்கொள்வாள். மஞ்சளைக் காட்டினால் சுருக்கு என்று பொருள். சிவப்பைக் காட்டினால் முடி. இடையில் தேநீருக்குக் கறிபப் வந்ததா, நினைவுப் பரிசுக்கு ரிப்பன் கட்டியாயிற்றா என்று கண்கள் வாசலுக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்ததும் மேடையேறி அதன் சாரத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லி நன்றி கூறுவாள். அந்த இரண்டு வாக்கியங்களும் முதல் நாளே தயார். அழைப்பிதழில் இருக்கும் குறிப்பைப் பார்த்து எழுதியவை. இதுவரை ஒரு பேச்சாளரும் அது தன் பேச்சு இல்லை என்று சொன்னதில்லை. சிலர் கண் கலங்கியிருக்கிறார்கள்.

கனிக்கு இது தெரியும். "அக்கா, பேசறவரு நடுவுல மௌத்தா போனாலும், 'சிறப்பான உரை'ன்னு சொல்லிட்டு எல்லாரையும் போட்டோவுக்குக் கூப்பிடுவீங்க," என்பான்.

"போட்டோ எடுக்காம எப்படிடா விடுறது? சரி, அடுத்தது," என்பாள் அவள்.

அன்று வியாழக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து டாக்டர் நூருல் வந்திருந்தார். வேலை பறிபோன தொழிற்சாலை ஆட்களைப் பற்றிய ஆய்வு. திரையில் கோடுகள் ஏறி இறங்கின. தேநீர் கொண்டுவருகிறவர் இன்னும் வரவில்லை. குமுதா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி சிலருடைய பேச்சைக் கேட்கப்போகிறோம், பெயர் இருக்காது, குரலையும் மாற்றியிருக்கிறோம் என்று நூருல் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

ஓர் ஆண் பேசினான். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்த குரல். திரையின் அடியில் ஆங்கில வரிகள் ஓடின. பேச்சு தமிழில் இருந்ததால்தான் அவள் தலை திரும்பியது.

"எங்க லைன வியட்நாமுக்குத் தூக்கிட்டாங்க. அஞ்சு மாசமாச்சு. வீட்ல சொல்லல. காலைல எங்க மேடத்த ஃபெர்ரில எறக்கி விட்டுட்டு, பாகான் ஆஜாம் கடலோரத்துல காடிய நிறுத்தி உக்காந்துருவேன். யூனிஃபார்ம் போட்டுட்டுதான்."

குமுதா உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒவ்வொரு நாளும் அவளைப் பாகான் டாலாம் வீட்டிலிருந்து காரில் ஏற்றிவந்து, ஜார்ஜ் டவுனுக்குப் படகு பிடிக்கப் பட்டர்வொர்த் ஃபெர்ரி நிலையத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பிறையில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போகிறவன் அவள் கணவன் சிவநேசன். அவள் மேடையேறத் தொடங்கிய நாளிலிருந்து அவளை அவன் 'எங்க மேடம்' என்றுதான் சொல்வான். வேறு யாரும் சொல்வதில்லை.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று பதிவில் ஒரு பெண் குரல் கேட்டது. ஒலிப்பெருக்கியில் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"சொல்லலாம்லா. ஆனா அவகிட்ட எதச் சொன்னாலும், 'சரி, அடுத்தது'ம்பா."

சபை சிரித்தது. நல்ல மனதோடு சிரித்த சிரிப்புதான். முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்த கணவரை முழங்கையால் இடித்தார்.

"எங்கம்மா செத்த அன்னிக்கும் அப்படித்தான். அவள குத்தம் சொல்லல. அவ வேல அது. ஆனா இதையும் சொல்லி, இதுக்கும் அவ 'சரி, அடுத்தது'ன்னு சொல்லிட்டான்னா, நா அப்புறம் எங்க போறது?"

மாமியார் இறந்த அன்று கூடாரம், ஐயர், வந்தவர்களுக்குக் காப்பி, மயானத்துக்குப் பேருந்து எல்லாவற்றையும் குமுதா ஒற்றை ஆளாக நடத்தினாள். எது எதற்குப் பிறகு என்று அவளிடம்தான் கேட்டார்கள். நிபோங் திபாலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பாராட்டுவார்கள். அன்று சிவநேசன் எங்கே நின்றான் என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். கூடாரம் நினைவிருந்தது. பேருந்து நினைவிருந்தது. அவன் நின்ற இடம் நினைவில் இல்லை.

மேடையில் நூருல் தடுமாறி, இதோ முடிக்கிறேன் என்றார். அப்போதுதான் குமுதா தன் கையைப் பார்த்தாள். அது சிவப்பு அட்டையை உயர்த்திப் பிடித்திருந்தது. எப்போது உயர்த்தினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இறக்கவும் வரவில்லை.

கனி குனிந்தபடி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்தான். "என்னக்கா, இன்னும் நேரம் இருக்கே." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு காதோரம் சொன்னான்: "அந்தாளு வீட்டு மேடம் யாரு? உங்க தங்கச்சியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அட்டையை அவள் விரல்களிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

கேள்வி நேரம் நடந்தது. யாரோ இழப்பீட்டுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். யாரோ வியட்நாமைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு எல்லோரும் மேடையின் இடது ஓரத்தைப் பார்த்தார்கள்.

குமுதா ஏறினாள். முதல் வாக்கியத்தை வாசித்தாள். டாக்டர் நூருலின் உரை நம் எல்லோரின் கண்களையும் திறந்தது. இரண்டாவது வாக்கியம், இப்படிப்பட்ட நேரத்தில் குடும்பமே ஒருவனுக்குத் தூண் என்பது. வாயைத் திறந்தாள். வரவில்லை. அதைத் தாண்டி நினைவுப் பரிசுக்குப் போய்விடலாம். போவதற்கு ஒரு சொல் வேண்டும், அந்தச் சொல்லும் வரவில்லை. உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறாள் என்று சபை நினைத்தது. கை தட்டியது. எழுந்து நின்றும் தட்டினார்கள். கனி இசையைப் போட்டுக் காப்பாற்றினான்.

தேநீர் மேசையருகே நூருல் அவளைத் தேடி வந்து, நேரம் மீறியதற்கு மன்னிப்புக் கேட்டார். குமுதா, அந்தத் தமிழர் இன்னும் என்ன சொன்னார் என்று கேட்டாள். நூருல் வருத்தத்தோடு தலையசைத்தார். பேசியவர்களைப் பற்றி வெளியே எதுவும் சொல்லக்கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார். பிறகு, இந்தப் பெண்ணுக்கு அக்கறை இருக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, இவ்வளவு மட்டும் சொன்னார்: அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார், எங்கள் பதிவுக் கருவியின் மின்கலமே தீர்ந்துபோனது.

நான் அவர் மனைவி என்று குமுதா சொல்லவில்லை. கையிலிருந்த கறிபப்பைத் தின்னாமல் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

சாயங்காலம் சிவநேசன் நிலையத்தில் காத்திருந்தான். யூனிஃபார்ம் சட்டை, சட்டைப்பையில் பேனா. கூட்டம் எப்படி என்று வழக்கம்போல் கேட்டான். பரவாயில்லை என்றாள். வழி முழுக்க அவள் மனதுக்குள் வாக்கியங்களைத் தயாரித்துப் பார்த்தாள். எல்லாமே மைக்கில் சொல்வதுபோல் இருந்தன. ஒவ்வொன்றையும் விட்டுவிட்டாள். வீடு வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிவநேசன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டான். இருவரும் தோசை சாப்பிட்டார்கள். காடியில் ஏறினார்கள். சாலையில் நெரிசல் இல்லை. ஃபெர்ரி நிலையத்தில் அவன் நிறுத்தினான். குமுதா இறங்கவில்லை.

"ஃபெர்ரி வந்துருச்சு," என்றான்.

"தெரியுது," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி விசில் ஊதிக் கையைக் காட்டினான். பின்னால் ஒரு டாக்சி நின்றது. சிவநேசன் காடியை எடுத்தான். வெளிச்சாலையின் சந்தியில் சிவப்பு விளக்கு. வலப்பக்கம் போனால் பிறை. இடப்பக்கம் போனால் பாகான் ஆஜாம் கடற்கரை. அவன் வலப்பக்கச் சைகை விளக்கைப் போட்டான். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு பச்சையானது. அவன் நகரவில்லை. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். சிவநேசன் சைகை விளக்கை அணைத்தான். பிறகு இடப்பக்கம் போட்டான்.