கமிஷன் வேண்டாம் என்றவர்

முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். சதவீதத்தில் தப்புப் போட்ட பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், சொந்த வீட்டை விற்கும்போது அதே சதவீதத்தில் முட்டை வாங்க இருந்தேன். தப்பித்தேன். இப்போது நினைத்தாலும் ஒரு பெருமூச்சு தானாக வருகிறது.

வீடு திண்டிவனத்தில். நானும் என் கணவரும் இருபத்திரண்டு வருடம் இருந்த வீடு. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திண்டிவனத்தில் எங்களுக்கு முறை கிடைக்கவில்லை, விழுப்புரத்தில்தான் கிடைத்தது. காலையில் பஸ் ஏறிப் போவோம். நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு, துணியைப் பிழிந்து போட்ட மாதிரி ஆகி வெளியே வருவார். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"வீடு வந்திருச்சா டீச்சர்?"

என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான், கல்யாணமான நாளிலிருந்து. விக்கிரவாண்டியில் கேட்பார். கூட்டேரிப்பட்டில் கேட்பார். "இன்னும் கொஞ்ச தூரம்தாங்க" என்பேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பெரும்பாலும் காலில் தசைப்பிடிப்பு வந்துவிடும். பஸ் நெரிசலில் குனிந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வருவேன். ஒரு வருடம் இப்படிப் போனது.

விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு தேடினோம். நோயாளி என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது ஆளிடம் நான் சண்டை போட்டுவிட்டேன். அதன் பிறகுதான், ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில், படியே இல்லாத ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதம் கெடு வாங்கினோம். மூன்று மாதத்துக்குள் திண்டிவனம் வீடு விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் அட்வான்ஸும் போச்சு, அந்த வீடும் போச்சு, மறுபடி பஸ்தான்.

வீடு விற்கிறோம் என்று ஒரே ஒரு பால்காரரிடம்தான் சொன்னேன். மறுநாளே வாசலில் புரோக்கர்கள். அதில் இரண்டு பேரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

முதலில் வந்தவர் பத்திரப்பதிவு ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர். வந்ததும் காபி வேண்டாம் என்றார். மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். பாத்ரூம் சுவரில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"மாடியில விரிசல் இருக்குது. பாத்ரூம் சுவரு ஓதம் ஏறுது. பத்திரத்தக் காட்டுங்கம்மா."

காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார்.

"பத்திரம் சார் பேருல இருக்குது. பட்டா இன்னும் பழைய ஓனர் பேருலயே இருக்குது. இருபத்திரெண்டு வருஷமா மாத்தலியா?"

என்னவோ வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என்ன விலை போகும் என்றேன். பட்டாவைச் சரிபண்ணாமல் விலை சொல்ல மாட்டேன் என்றார். உங்களுக்கு எவ்வளவு என்றேன்.

"ரெண்டு பர்சென்ட். பதிவு முடிஞ்சு பணம் உங்க கணக்குல ஏறின அப்பறம் குடுங்க. அதுக்கு முன்னாடி பத்து பைசா வேணாம். பட்டா வேலைக்கு ஆபீஸ்ல கட்டுற ஃபீஸ் மட்டும் நீங்க கட்டுங்க, ரசீது தந்துடுறேன். பார்ட்டிய நேரா உங்க முன்னாடி உக்கார வெச்சுத்தான் விலை பேசுவேன்."

சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் மனக்கணக்கு போட்டுவிட்டேன். நாற்பது லட்சம் என்றால் எண்பதாயிரம்.

"கூட்டியாந்து வீட்டக் காட்டுறதுக்கு எண்பதாயிரமா? நானே போர்டு எழுதி கேட்டுல மாட்டிக்கிறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "யோசிச்சு சொல்லுங்கம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தந்த தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் வைத்தேன். மேஜை ஆடுவது நின்றது. அந்த ஆளால் இந்த உபயோகமாவது ஆச்சு என்றேன்.

"இவரு பரவால்ல டீச்சர்" என்றார் என் கணவர். "வீட்டு மேல குத்தம் சொல்றாரு பாரு, அதுக்காகவே இவர வெச்சுக்கலாம்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் வீட்டைக் குறை சொன்ன ஆளுக்கு நான் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்?

இரண்டாவது ஆள் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். காபி கேட்டு வாங்கிக் குடித்தார். வாசலைப் பார்த்து "அம்சமான வீடும்மா" என்றார். சமையலறையைப் பார்த்து "டீச்சர் வீடுன்னு சொல்லாமலே தெரியுது" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. மறைத்து என்ன செய்ய?

"உங்க கமிஷன்?" என்றேன்.

"உங்க கிட்டயா? அய்யோ! ஒரு பைசா வேணாம்மா. உங்க கைக்கு எவ்ளோ வரணும்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பார்ட்டி வரும்போது விலை மட்டும் நீங்க பேசாதீங்க. அதுல எனக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்குது."

நான்கு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீடு முப்பத்திரண்டு லட்சத்துக்குப் போனது. விழுப்புரம் வீட்டுக்கும் பதிவுச் செலவுக்கும் எங்களுக்கு முப்பத்தெட்டு போதும். முப்பத்தெட்டு என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றார். அந்த ஒரு நொடியில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் போனதும் என் கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்: "பாத்தீங்களா? ஜீரோ பர்சென்ட்!"

ஆனாலும் வாரக்கணக்கில் யாரும் வரவில்லை. வந்த இரண்டொருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனார்கள். கெடுவில் ஏழு வாரம் கரைந்துவிட்டது. எட்டாவது வாரம்தான் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பெண்ணையும் அவள் அண்ணனையும் வெள்ளைச் சட்டைக்காரர் கூட்டிவந்தார். அவளுக்கு முப்பது வயது இருக்கும். கணவர் வளைகுடாவில் வேலை. அவளுடைய அம்மா வீடு திண்டிவனம் என்பதால் இங்கே வீடு தேடுகிறாள். போனைத் தூக்கிப் பிடித்து, வீடியோவில் கணவருக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே வந்தாள். ஆண்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். நான் டீ போடப் போனேன். அவளும் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள்.

"உப்பே இல்லங்க!" என்றாள் போனைப் பார்த்து. அந்தப் பக்கத்திலிருந்து கணவர் ஏதோ சொன்னார். அவள் போனை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. நாப்பத்தாறுதான் கொஞ்சம் பேஜாரா இருக்குது. நீங்க புடிச்ச புடியா நிக்கிறீங்கன்னு புரோக்கர் சொல்றாரு. கொஞ்சம் எறங்கி வாங்களேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பத்தாறு! என் தலையில் இவ்வளவு நாள் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், நான் அதற்குக் காபியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

யோசித்து நிதானமாகப் பேசியிருக்கலாம். எனக்கு அது வராது. டீ டம்ளரோடு ஹாலுக்குப் போய், வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் நின்றேன்.

"நாப்பத்தாறுல முப்பத்தெட்டு போனா எவ்ளோ?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சமாளித்துக்கொண்டார்.

"எட்டும்மா. கைக்கு முப்பத்தெட்டு வந்தா போதும்னு நீங்கதான சொன்னீங்க? உங்க கிட்ட நான் ஏதாவது பொய் சொன்னனா?"

என்னிடம் அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் அண்ணன் எழுந்துவிட்டார்.

"வீட்டுக்காரங்க நாப்பத்தாறுக்கு ஒரு ரூபா கொறைய மாட்டாங்கன்னு எங்க கிட்ட சொன்னீங்களே? இது என்ன கூத்து? வாம்மா போலாம்."

அந்தப் பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வெள்ளைச் சட்டைக்காரரும் பின்னாலேயே ஓடினார். டீ அப்படியே ஆறிப்போயிருந்தது. ஆத்திரத்தில் சரியாகத்தான் கேட்டேன், ஆனால் பார்ட்டியும் போய்விட்டதே! கெடுவுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. அழுகை வந்தது. மறைக்கவில்லை.

என் கணவர் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் மெதுவாகக் குனிந்து, சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை இழுத்தார். பிரித்து நீவி என் கையில் கொடுத்தார்.

"போய்ட்டு வா டீச்சர். தப்பு எல்லாரும்தான் போடுறாங்க."

மறுநாள் காலை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முதல் புரோக்கர் தலை நிமிராமல் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் என்னுடையது. "அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றேன், அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே. நடந்ததையெல்லாம் சொன்னேன். "அந்தக் கோட்டக்குப்பத்துப் பொண்ணக் கண்டுபிடிச்சு நீங்களே பேசி முடிங்க. அந்த ஆளு மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.

"அது மட்டும் என்னால முடியாதும்மா. பார்ட்டியக் கூட்டியாந்தது அவரு. அவர விட்டுட்டு நான் முடிச்சா, நாளைக்கு இந்த ஊருல எவனும் எனக்கு ஒரு பார்ட்டி காட்ட மாட்டான். கூட்டியாந்தவனுக்குப் பங்கு உண்டு, அது எங்க தொழில்ல உள்ளது. அந்தப் பொண்ணு நம்பரும் அவரு கிட்டதான இருக்குது?"

"அப்ப அவருக்கும் ரெண்டு, உங்களுக்கும் ரெண்டா?"

"மொத்தமே ரெண்டுதான். ஆளுக்கு ஒண்ணு. உங்களுக்கு ஒரு பைசா ஏறாது."

என் எதிரிலேயே வெள்ளைச் சட்டைக்காரருக்குப் போன் போட்டார். "யோவ், மேல வெச்சு விக்கிற ஆட்டத்த டீச்சர் கிட்டயா காட்டுவ? ஒண்ணு வாங்கிக்கினு ஒழுங்கா வா" என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் எனக்குப் பெரிய சதியாகத் தெரிந்தது, அவர்களுக்குத் தினசரிப் பிழைப்பு.

முதல் புரோக்கர் எடுத்தவுடன் பட்டா வேலையைத்தான் தொட்டார். மனு, பத்திர நகல், வில்லங்கச் சான்று என்று தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தார். மூன்று வாரத்தில் பட்டா என் கணவர் பெயருக்கு வந்தது. அந்தப் பெண்ணின் வக்கீல் முதலில் கேட்டதே பட்டாதான் என்று பிறகு தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் நான் செய்யாத வேலை அது.

அடுத்து, வெள்ளைச் சட்டைக்காரரை விட்டே அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, எல்லோரையும் எங்கள் ஹாலில் உட்கார வைத்தார். அந்தப் பெண், அவள் அண்ணன், போனில் அவள் கணவர், வெள்ளைச் சட்டைக்காரர், நாங்கள் இருவர். மாடி விரிசலையும் பாத்ரூம் ஓதத்தையும் அவரே முதலில் சொல்லிவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் அந்த அண்ணன் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டது. அவர்கள் நாற்பது என்றார்கள், நான் நாற்பத்து நான்கு என்றேன், நாற்பத்திரண்டில் முடிந்தது. "அக்கா, அந்த போர் மட்டும் என்னிக்கும் இப்டியே இருக்கணும்" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவு நாளில் கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. டோக்கனுக்குக் காத்திருந்தபோது என் கணவருக்குக் கால் துவண்டது. டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். யாரென்று பார்த்தால் வெள்ளைச் சட்டைக்காரர். மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொன்ன ஆளுக்கு நன்றி சொன்னேன்.

பணம் கணக்கில் ஏறியதும் பேரம் பேசி ஆளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கலாமே என்று ஒரு கணம் புத்தி போனது. போகாமல் இருக்குமா? ஆனால் மேஜைக்காலின் அச்சுப் பதிந்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு நாற்பத்திரண்டாயிரம், எண்ணிக் கொடுத்தேன். எண்பதாயிரம் அதிகம் என்று சண்டை போட்டவள், ஒரு பைசாகூட வேண்டாம் என்றவருக்கு எட்டு லட்சம் விட்டுக் கொடுக்க இருந்தேன். இதை ஒரு கணக்காகப் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியாகச் செய்திருக்கும்.

விழுப்புரம் வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் டயாலிசிஸ். முடிந்து வெளியே வந்தபோது எப்போதும் போலத் துவண்டிருந்தார். ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். பழக்கதோஷம், ஏறியதும் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நீண்ட பயணத்துக்குத் தயாராகிற மாதிரி உடம்பைத் தளர்த்தினார். நானும் பழக்கதோஷத்தில் அவர் காலின் மேல் கையை வைத்தேன். ஆட்டோ ஒரு திருப்பம் திரும்பியது. பால் பூத்தைத் தாண்டியது. நின்றது.

அவர் இன்னும் கேட்கவே இல்லை.

"இறங்குங்க" என்றேன். "வீடு வந்திருச்சு."