கோரிமேடு பஸ் ஸ்டாப்பில் இறங்கிய பல்ஸ்

போன வருஷம், ஒரு மத்தியானம். புதுச்சேரி கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்த சித்தப்பாவைப் பார்த்துவிட்டு, சாரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பவேண்டும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பிறகு வந்த வம்புக்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு வேலை இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். மருந்து கம்பெனிகளுக்குப் போகும் ஸ்டீல் ட்யூபுகளை மெஷினில் வெல்டிங் செய்கிறோம். மெஷின் தானே சுற்றி வந்து ஒட்டிவிடும். ஆனால் பல்ஸ் செட் பண்ணுவது நம் வேலை. கரண்ட் ஒரு கணம் ஏறும், உலோகம் உருகும். மறுகணம் இறங்கும், ஆறும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பல்ஸ் என்போம். ட்யூபுக்குள் ஆக்சிஜன் இருந்தால் ஒட்டின இடம் கருத்துவிடும், அதனால் வேறு வாயுவை விட்டு அதை வெளியேற்றுவோம்.

அன்று எனக்குப் பதிலாக மெஷினில் நின்ற நண்பர் போன் செய்தார். உள்ளே கருக்கிறதாம். பட்டறைச் சத்தத்திலேயே காலம் தள்ளுகிறவனுக்கு மெதுவாகப் பேச எங்கே வரும்?

“ட்யூப்ல ஆக்சிஜன் இருக்கவே கூடாது, எடுத்துடு. பல்ஸை இறக்கு. இன்னும் இறக்கு” என்றேன். கடைசியில், “அது போயிடுச்சு, விடு. இனிமே காப்பாத்த முடியாது. அறுத்துப் போட்டுட்டு அடுத்ததைப் பாரு” என்று முடித்தேன்.

திரும்பினால், பக்கத்தில் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கையில் இட்லிப் பொட்டலம்.

“யாரு சார் போயிட்டது? எங்க வூட்டுக்காரருக்கும் தொண்டையில ட்யூப்புதான் போட்டிருக்காங்க. அவரா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் டாக்டர் இல்லை, வெல்டர் என்றேன். போனில் மெஷின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

“மறைக்காதீங்க சார். நான் தாங்கிக்கிறேன்.”

இதற்குமேல் பேசிப் பயனில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு ரோட்டைத் தாண்டி வார்டு வரை போனேன். வாசலில் செக்யூரிட்டியிடம் விஷயத்தைச் சொன்னதும், பார்க்கிற நேரம் இல்லாவிட்டாலும் அவரை மட்டும் உள்ளே விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் சொன்னது எல்லாம் ஸ்டீலைப் பற்றித்தான், அதில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அந்த ஆளுக்கு நிஜமாகவே அந்த நேரம் பார்த்து ஏதாவது ஆகியிருந்தால் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இருக்காரு” என்றார். அவ்வளவுதான்.

எழுந்து நின்றேன். உள்ளே இருந்தவர் பேர்கூட எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் உயிரோடு இருப்பது எனக்கும் இவ்வளவு பெரிய செய்தியாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.