நிலம் கொடுத்த வீட்டுப் பெண்

"எறங்கு இளமதி. பையை எடுத்துகினு எறங்கு."

ஒரு கால் வேனின் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்று குணசுந்தரி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே டையும் ஷூவுமாக இருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தன. டிரைவர் ஜெரால்ட் ஆரனிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினான்.

"இன்னாக்கா, காலங்காத்தால? பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இனிமே இந்த வேன் எங்க ஊட்டாண்ட நிக்க வேணாம்."

"வாசல்லயே வந்து நிக்கிறது உங்க ஊட்டுக்கு மட்டும்தானேக்கா. கரஸ்பான்டன்ட் கேட்டா இன்னா சொல்றது?"

"நான் இஸ்துகினு போயிட்டேன்னு சொல்லு."

இளமதி இறங்கினாள். ஒன்பது வயது. அழவில்லை. வேன் நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஆபீஸ் ரூம் கேமராவுக்கு ஒயர் மாத்தணும். சார் என்னைத்தான் வரச் சொன்னாரு."

குணசுந்தரிக்கு உச்சந்தலை எரிந்தது.

பள்ளிக்கூடம் நிற்கும் இடம் இந்த வீட்டு நெல் வயல். சிப்காட் வந்து ரோட்டோர நிலத்துக்கு மவுசு கூடியபோது, கணவனின் அண்ணன் சடையப்பன் அதைக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். வீட்டுப் பிள்ளைகளுக்கு ப்ளஸ் டூ வரை இடம் உண்டு என்பது வாய்ப்பேச்சு. யாரும் மீறியதில்லை. ஆண்டு விழாவில் முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி, மேடையில் ஒரு சால்வை.

குணசுந்தரி கடம்பத்தூர்க்காரி. டிப்ளமோ படித்தவள். கும்மிடிப்பூண்டியில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சோதனை மேசையில் நிற்கிறாள். கல்யாணமாகி வந்ததும், "எங்க ஊட்டுப் பொம்பள கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்ல நிக்கிறதா?" என்று சடையப்பன் ஒரு வருஷம் அவளோடு பேசாமலிருந்தார். அவள் ரோட்டில் நின்றாள். பஸ்ஸும் நின்றது.

போன வருஷம் கம்பெனிக் குடும்ப விழாவுக்கு இளமதியை அழைத்துப் போயிருந்தாள். அம்மா வேலை செய்யும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உன் டேபிளைத் திருப்பிப் போட்டா நீ ஒவ்வொரு வாட்டியும் முதுகை வளைக்க வேணாம்மா" என்றாள் அவள். சூப்பர்வைசர் சிரித்தார். அடுத்த வாரம் மேசையைத் திருப்பிப் போட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு "மரம்" என்று படிக்க வராது. மிஸ்களைக் கேட்டால், "போகப் போக வந்துடும் மேடம், ரொம்ப பிரில்லியன்ட்" என்றார்கள். மார்க்கும் அப்படித்தான் வந்தது. கோடை விடுமுறையில் குணசுந்தரி யாரிடமும் சொல்லாமல் சென்னைக்கு அழைத்துப் போனாள். டிஸ்லெக்ஸியா என்றார் டாக்டர். மூளைக் கோளாறில்லை, புத்தி வயசுக்கு எத்தனையோ மேலே, எழுத்தை மட்டும் வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும் என்றார். பள்ளியில் வந்து சொன்னாள். கவனித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

எப்படிக் கவனித்துக்கொண்டார்கள் என்பதை வெள்ளிக்கிழமை பார்த்தாள். மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போயிருந்தாள். நாலாம் வகுப்பில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இளமதியின் இடம் காலி. அவள் கரஸ்பான்டன்ட் அறையில், ஸ்டூல் மேல், பல்லிடுக்கில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றாள். வகுப்பில் மிஸ் அவளுடைய பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து குழந்தையுடையது மாதிரிக் கோணலாக வர வேண்டுமென்று இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னா மேடம் பண்றது? உங்க ஊட்டுப் பெரியவர்தான் சொல்லி வெச்சிருக்காரு, எங்க ஊட்டுப் பொண்ணு பெயிலுன்னு பேர் வரக் கூடாதுன்னு. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து எல்லா மிஸ்ஸும் இப்படித்தான்."

குணசுந்தரி அந்த இடது கையையே பார்த்தபடி நின்றாள். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் முதல் வருஷமே கூப்பிட்டு, உன் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்று முகத்திலடித்த மாதிரி சொல்லியிருப்பார்கள். நிலம் கொடுத்த வீடு. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

சென்னையில் இதற்கென்றே ஒரு பள்ளி இருந்தது. நல்ல பள்ளி. ஆனால் பொன்னேரியில் ரயிலேறிப் போய்த் திரும்பவே அந்தக் குழந்தையின் பாதிப் பொழுது போய்விடும். சனிக்கிழமை பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போனாள். அன்று ஒரு கூட்டத்துக்காக வந்திருந்த சிறப்பாசிரியை காயத்ரி டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுப் பேசினாள்.

"நான் மந்திரம் ஒண்ணும் போட மாட்டேங்க. எனக்கு நாலு ஸ்கூல். இங்க செவ்வாயும் வியாழனும்தான். மத்த நாள் கிளாஸ் டீச்சர் நான் சொல்லிக் குடுத்தபடி செய்வாங்க. வருஷம் ஒண்ணாகுமோ ரெண்டாகுமோ. ஆனா படிக்க வரலைன்னா, வரலைன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே குணசுந்தரி முடிவு செய்துவிட்டாள். மகளிடம் சொல்வதற்குள் இன்று காலை அவள் வழக்கம்போல வேனில் ஏறிவிட்டாள்.

இப்போது தெருமுனையில் புல்லட் சத்தம் கேட்டது. ஜெரால்ட் போன் போட்டிருப்பான். அவள் அரசுப் பள்ளிக்குப் போய்வந்ததும் யார் மூலமாகவோ காதுக்கு எட்டியிருக்கும். சடையப்பன் வண்டியை நிறுத்தாமலேயே ஆரம்பித்தார்.

"இன்னாம்மா இது, தெருவே வேடிக்கை பாக்குது? நெலத்தையும் குடுத்துட்டு நம்ம ஊட்டுப் பொண்ணு சத்துணவுத் தட்டத் தூக்கிகினு நிக்கணுமா?"

"நின்னா நிக்கட்டும் மாமா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது தெரியுமா உங்களுக்கு?"

நைட் ஷிப்ட் முடிந்து வந்த சரவணகுமார் கையில் ஹெல்மெட்டோடு அண்ணனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "காலைலயே பேஜாரு பண்ணாத சுந்தரி. அண்ணன் சொல்றதையும் கேளேன்."

"நீ போய்த் தூங்கு."

"யாருக்குப் படிக்கத் தெரியாது?" என்றார் சடையப்பன். எதிர்வீட்டுச் சுவரில் அவர் பேரனின் காதுகுத்துப் பேனர் தொங்கியது. "கண்ணு, இங்க வா. அதுல இன்னா எழுதிக்குது, உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

இளமதி அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். உதடு இரண்டு முறை அசைந்தது. சத்தம் வரவில்லை. காது சிவந்தது.

"பெரிப்பா, அந்தப் பேனர இந்தப் பக்கம் ஒரு எடத்துலதான் கட்டிக்கிறாங்க. காத்தடிச்சா இங்கேர்ந்துதான் கிழியும்."

யாரோ சிரித்தார்கள். குணசுந்தரி திரும்பிய வேகத்தில் சிரிப்பு நின்றது.

"உங்க பேருதான் மாமா அது. அவ்ளோ பெருசா போட்டிருக்கு."

சடையப்பன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். முகம் கறுத்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. "அதுக்கின்னா இப்போ? படிப்பு வராட்டி போவுது. கலெக்டர் வேலைக்கா அனுப்பப் போறோம்? நெலம் நீச்சு கீது. நாளைக்கு நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்தா..."

"ஒம்போது வயசு மாமா அவளுக்கு!"

அவள் இவ்வளவு உரக்கப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

"பெயிலாக்காதீங்கன்னு சொன்னீங்க. சரி. சொல்லிக் குடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஒவ்வொரு வருஷமும் மேடையேறி சால்வை வாங்கிகினு வந்தீங்களே, அதுக்கு எம்பொண்ணு நாலு வருஷத்தக் குடுத்துட்டா. போதும். இனிமே குடுக்கிறதுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்ல."

சரவணகுமார் தலையைக் குனிந்துகொண்டான். சடையப்பன் வண்டியை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை.

"இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க. காதுகுத்துக்கும் வர வேணாம்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேன் வழக்கம்போல வந்து வாசலில் நின்றது. ஜெரால்ட் இரண்டு முறை ஆரன் அடித்துவிட்டுப் போனான். குணசுந்தரி மகளை ஸ்கூட்டரில் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போனாள். தலைமையாசிரியர் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, டி.சி. பிறகு வரட்டும் என்றார். காயத்ரி பத்து மணிக்கு வந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. உப்புத்தாளில் வெட்டிய "ம" என்ற எழுத்தின் மேல் இளமதியின் விரலை வைத்து ஓட்டச் சொன்னாள். வகுப்பு முடியும்வரை அந்த ஒரு எழுத்துதான். மதியம் இளமதி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பழைய பள்ளியிலிருந்து கேமரா ஓடவில்லை என்று இரண்டு முறை போன் வந்தது. குணசுந்தரி எடுக்கவில்லை. சரவணகுமார் எடுத்து, அவள் இனி வர மாட்டாள் என்றான். காற்று இல்லை. பேனர் அப்படியே இருந்தது. குணசுந்தரி இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினாள்.