ஆளில்லாத நிலம் என்று நான் எழுதவில்லை

நீங்கள் என் கட்டுரையை வெட்டியது மட்டுமில்லை. என் பெயரில் பொய் எழுதினீர்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆசிரியராக இருக்கிற உங்களைத்தான் சொல்கிறேன்.

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. பாரிஸில், லா சப்பலில் ஒரு உணவகத்தில் சமைக்கிறேன். வீடு நகருக்கு வெளியே வில்லியே லே பெல்லில். மதியச் சமையல் மூன்று மணிக்கு முடியும், மாலைச் சமையல் ஆறு மணிக்குத் தொடங்கும். அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய் வர முடியாது. அதனால் ரூ பஜோல் தெருவில் இருக்கும் நூலகத்துக்குப் போவேன். முதலில் போனது குளிருக்குத்தான். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காகப் படம் போட்டு எழுதிய அமெரிக்க வரலாறு ஒன்று கையில் கிடைத்தது. பிரெஞ்சுதான். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு குளிர்காலம் முழுக்க வாசித்தேன்.

மேற்கே போய் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நூற்றறுபது ஏக்கர் சும்மா கிடைக்கும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதாம். நல்ல அரசாங்கம் என்று நினைத்தேன். பக்கத்தைப் புரட்டினேன். அந்த நிலத்தில் ஏற்கெனவே பழங்குடிச் சனம் இருந்தது. அவர்களோடு ஒப்பந்தம் எழுதினார்கள், பிறகு அதை மீறினார்கள். அவர்கள் சாப்பிட்டு வாழ்ந்த காட்டெருமைகளைச் சுட்டுக் குவித்தார்கள். கடைசியாக ஒதுக்கிக் கொடுத்த நிலத்தையும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று துண்டு போட்டு, மீதியை 'மிச்ச நிலம்' என்று சொல்லி வெளியாருக்கு விற்றார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். வன்னியில் எங்கள் குடும்பக் காணியைப் போரில் விட்டு ஓடினோம். அக்கா திரும்பிப் போனபோது சுற்றிவர ஆமிக்காரரின் முள்ளுக்கம்பி. யாரும் பாவிக்காத நிலம் என்று ஒரு கடதாசியைக் காட்டினார்களாம். அக்கா இன்றுவரை வாடகை வீட்டில் இருக்கிறா. காணி உறுதிப் பத்திரம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது.

அதனால்தான் எழுதினேன். சீனத் தொழிலாளர் கல்லுடைத்துப் போட்ட தண்டவாளம், தொழிற்சாலைகள், பணக்காரர்கள் எல்லாவற்றையும் எழுதினேன். புல்வெளியை உழுது தள்ளியதையும், மழை பொய்த்தபோது மண் தூசியாய்ப் பறந்ததையும் எழுதினேன். பங்குச் சந்தை விழுந்து, வங்கிகள் மூடி, இலவச நிலம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளே கடனில் நிலத்தை இழந்து, கட்டிலையும் பானையையும் வண்டியில் கட்டிக்கொண்டு இன்னும் மேற்கே போனதையும் எழுதினேன். ஒரு கூட்டத்தைத் துரத்திவிட்டுக் குடியேறியவர்களையும் காலம் துரத்தியது. எங்களுக்கும் அப்படித்தான் செய்தார்கள் என்று கடைசியில் எங்கள் காணியைப் பற்றி ஒரு பந்தி, பத்து வரி. மொத்தம் ஒன்பது பக்கம்.

உங்கள் கடைக்கு வந்து தாள்களை உங்கள் கையில் தந்து, "பாத்துச் செய்யுங்கோ ஐயா" என்றேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதுதான். அச்சுக்குப் போகுமுன் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்போம். அது என் பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

மலர் வந்த அன்று ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் மலர்கள் அடுக்கியிருந்தன.

"அண்ணை, கட்டுரை சோக்கா இருக்கு" என்றார் கடைக்காரர்.

"வாசிச்சனீரோ?"

"படம் பாத்தனான். அண்ணைக்கு அப்ப தலைமயிர் இருந்திருக்கு!"

சிரித்துக்கொண்டே புரட்டினேன். ஒன்பது பக்கம் ஒன்றரைப் பக்கமாகியிருந்தது. பழங்குடிச் சனம் இல்லை. தூசி இல்லை. எங்கள் காணி இல்லை. கீழே அரைப் பக்கத்துக்கு வன்னியில் காணித் துண்டுகள் விற்பனைக்கு என்று விளம்பரம். அதற்குச் சற்று மேலே, என் கட்டுரையின் கடைசி வரியாக: "ஆளில்லாத நிலத்தைத் துணிந்து வாங்கியவர்களே அமெரிக்காவில் உயர்ந்தார்கள். நாமும் சிந்திப்போம்."

அந்த வரியை நான் எழுதவில்லை.

இரண்டு நாளில் அக்கா தொலைபேசி எடுத்தா. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, நீயும் ஆக்களில்லாத நிலமெண்டு எழுதிப்போட்டியே?"

"நான் எழுதேல்லை அக்கா."

"உன்ரை படம் கிடக்கே."

காணியைத் திருப்பித் தரச் சொல்லி வீடு வீடாய்க் கையெழுத்து வாங்குகிறவ அவ. "உன்ரை தம்பியே இப்பிடி எழுதுறான், நாங்கள் ஏன் வைக்கவேணும்?" என்று இரண்டு வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டா. அதற்குப் பிறகு நான் எடுத்தால் மறுமொழி இல்லை.

அடுத்த நாள் உங்கள் கடைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும்.

"ஒன்பது பக்கத்துக்கு இடம் காணாது தம்பி" என்றீர்கள்.

"விளம்பரத்துக்கு மட்டும் இடம் கண்டதே?"

"விளம்பரம் இல்லாட்டி மலரே இல்லை. ஏன் குதிக்கிறீர்? அமெரிக்காக்காரன் வந்து வழக்குப் போடப்போறானே?"

"அந்தக் கடைசி வரி ஆர் எழுதினது?"

"நீர்தானே பாத்துச் செய்யச் சொன்னனீர். பாத்துச் செய்தம். ஒரு முடிவு வேணுமெல்லே."

திருத்தம் போடச் சொன்னேன். வருகிற வருட மலரில் பார்ப்போம் என்றீர்கள். அதுவரை அக்கா எந்த வாசலில் போய் நிற்பா? இன்னொன்று. அந்த நூற்றறுபது ஏக்கர்ச் சட்டத்தில் நிலத்தைக் காசுக்கு விற்கவில்லை, சும்மா கொடுத்தார்கள். பொய் எழுதுகிறவர் அதையாவது பார்த்து எழுதியிருக்கலாம்.

சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. அதை நேரலையில் ஊரிலும் பார்ப்பார்கள், கையெழுத்து வைக்க மறுத்த வீட்டுக்காரரும் பார்ப்பார்கள். என்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டாம், எனக்கு அது தேவையில்லை. மேடையில் ஏறுங்கள். ஒலிவாங்கியைப் பிடியுங்கள். அந்த வரியை எழுதியது யார், யாருக்காக எழுதியது, எங்கள் காணியைப் பற்றிய பந்தியை எடுத்தது ஏன்? அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.