மோகனூர்க் கிளையின் முன் அலமாரி

நாமக்கல்லில் நான் வேலை பார்த்த கடைக்கு நான்கு மாடி. துணிமணி, பாத்திரம், பொம்மை, பயணப்பெட்டி என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். மூன்றாவது மாடியில் இருந்த குழந்தைகள் பிரிவை நான் பார்த்துக்கொண்டேன். மகள் பிறந்ததும் விடுப்பில் வந்தேன். திரும்பிப் போவதாக இல்லை. பேருந்தில் போய்வந்து, நாள் முழுக்க நின்றுவிட்டு, பால் குடிக்கிற பிள்ளையை எப்படிப் பார்ப்பது?

அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்குச் சிறிய ஊர்களில் சின்னக் கடைகள் போட்டுப் பார்க்கும் யோசனை வந்தது. முதல் கிளை மோகனூரில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. மேலாளர் என்னையே பொறுப்பாளராக வரச் சொன்னார். மதியம் வீட்டுக்கு ஓடிப் பாலூட்டிவிட்டு வரலாம்; அதுவரை உதவிக்கு வரும் பெண் கடையைப் பார்த்துக்கொள்வாள். சம்மதித்த பிறகும் பத்து முறை யோசித்தேன். கடை ஓடவில்லையென்றால் கிளையை மூடிவிடுவார்கள். அதோடு என் வேலையும் போகும்.

ஒரே அறை, நான்கு மாடிச் சரக்கு. எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் பெரும்பாடு. மேலாளர் கேட்டார்: "ஏம்மா, நீங்களே கைக்குழந்தைக்காரி. வாசல்ல நுழைஞ்சதும் கண்ணுல படற எடத்துல என்ன வைக்கலாம்?"

பிறந்த குழந்தைக்கான பெட்டி என்றேன். சட்டை, தொப்பி, கையுறை, காலுறை, சின்னப் போர்வை எல்லாம் அடுக்கிய அட்டைப்பெட்டி. மூன்றாவது மாடியில் அது நன்றாகப் போகும். மகள் வயிற்றில் இருந்தபோது அதையெல்லாம் கைபேசியில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். முன் அலமாரி முழுக்க இளஞ்சிவப்பும் நீலமுமாக அடுக்கி, பக்கத்தில் ஒரு மரத்தொட்டிலும் வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

முதல் மாதம் ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று பார்த்தார்கள். பாதிப் பேர் அப்படியே திரும்பினார்கள். வெயிலா, விலையா, என் முகமா என்று தெரியாமல் தவித்தேன்.

ஒருநாள் நிறைமாதப் பெண்ணொருத்தி மாமியாரோடு வந்தாள். படியேறிய மாமியார் தொட்டிலைக் கண்டதும் மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏங் கண்ணு, புள்ளத்தாச்சி வர்ற வாசல்ல இதையா வெப்பாங்க?"

"அத்தை, நான் நைட்டிதானுங்க கேட்டேன்."

"நைட்டிய நாமக்கல்லுல எடுத்துக்கலாம் சாமி. நீ அங்கிட்டுப் பாக்காத, வா."

இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். மதியம் வீட்டுக்குப் போய் மகளின் தொட்டிலில் துணி மாற்றினேன். கையில் இருந்தது, மகளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாரின் பழைய பருத்திச் சேலைத் துண்டு. முதல் மாதம் முழுக்க அவளுக்கு அந்தத் துண்டுகள்தான் உடுப்பு. பிறக்குமுன் வாங்கினால் ஆகாது என்று, அவள் பிறக்கும்வரை ஒரு கைக்குட்டைகூட யாரும் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. கைபேசியில் பார்த்ததோடு சரி. பெரிய கடையில் குழந்தைப் பொருளைத் தேடி மாடியேறுகிறவர்கள் பிள்ளை பிறந்த பிறகு வருகிறவர்கள். இங்கேயோ எல்லாம் வாசலிலிருந்தே தெரிகிறது. கர்ப்பிணிகளுக்கான நைட்டியை அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

என் அத்தையிடம் சொன்னேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் அவளும் சேர்ந்து சிரித்தாள். "நீ அடுக்கி வெச்சத நானும் பாத்தேன். படிச்ச புள்ள, காரணமாத்தான் வெச்சிருக்குமின்னு இருந்துட்டேன்."

யாரையும் கேட்காமல் அன்றே பெட்டிகளையும் தொட்டிலையும் பின்சுவருக்கு மாற்றினேன். முன்னால் நைட்டி, துண்டு, காதுகுத்துக்கான பட்டுப்பாவாடை. பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மேலாளருக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். "என் யோசனை தப்புங்க சார், மாத்திட்டேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

அடுத்த வாரம் அதே மாமியாரும் மருமகளும் தெருவிலிருந்தே நைட்டியைப் பார்த்து உள்ளே வந்து இரண்டு எடுத்தார்கள். கிளம்பும்போது மாமியார் பின்சுவரைக் கடைக்கண்ணால் பார்த்தார். "அந்தப் பொட்டி என்ன வெலைங்க? பக்கத்தூட்டுக் கொழந்தைக்குத்தான் கேக்கறேன்." மருமகள் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் மேலாளர் வந்தார். கடையை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"பொட்டிய முன்னால வைக்கச் சொன்னது நீங்கதானுங்களே?"

"நானேதானுங்க சார்."

"நானும் சரின்னுதான சொன்னேன். எங்க ஊட்டுலயும் பொறக்கறதுக்கு முன்ன ஒண்ணும் வாங்கலீங்க. ரெண்டு பேருக்கும் உறைக்கல பாருங்க." பிறகு குரலைத் தணித்தார். "மொதலாளி மூடிறலாமுன்னுதான் இருந்தாரு. நான் கேட்டுப் பாத்தேன். பாதி எடத்தத் தடுத்து வாடகைக்கு விட்டுட்டு, மீதிய பொங்கல் வரைக்கும் நடத்தலாமுன்னுட்டாரு. ஒதவிக்கு இனிமே ஆளு கெடையாது. ஒத்தையில சமாளிப்பீங்களா?"

"சமாளிப்பேனுங்க" என்றேன். யோசிக்காமல் நான் பதில் சொன்ன கேள்விகள் மிகக் குறைவு.

மூன்று தெரு நடப்பதற்குள் யோசனைகள் வந்துவிட்டன. பாதி இடத்தில் மாற்றுடை அறையை எங்கே வைப்பது? மதியம் பாலூட்ட நான் வீட்டுக்கு வரும்போது கடையை யார் பார்ப்பது? வீட்டு வாசலில் அத்தை காத்திருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"பொங்கல் வரைக்குமுங்க. ஒதவிக்கு ஆளு இல்லீங்க."

"அதுக்கப்பறம்?"

"தெரியலீங்க அத்தை."

"மத்தியானம் நானும் பாப்பாவும் கடைக்கே வந்தர்றோம். இப்ப வந்து பால் குடு, பசியில அழுகறா."