எனக்கு முதல் பரிசு வாங்கித் தந்த கட்டுரை

அசிட்டோன் வாசனை தெரியும்தானே... சில்லென்று மூக்கில் ஏறி ஒரு நொடி கண்ணைக் கூசவைக்கும். எனக்கு அது மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேப், சாயங்காலம் நாலு மணி.

பியூரெட் கழுவ வைத்திருக்கும் அசிட்டோனில் கொஞ்சம் பஞ்சை நனைத்து, ஷீபா தன் பத்து விரல் நகங்களையும் துடைப்பாள். காலையில் பஸ் இறங்கியதும் பூசுகிற ரோஸ் கலர், வீட்டுக்குப் போக அருமனை பஸ் ஏறும் முன்னே போயாக வேண்டும். வாசலில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது என் வேலை.

ஷீபா என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். ரெஜிஸ்டரில் ஓர் ஆணின் பெயர் இருந்தது... அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த நம்பர் என்பதால் மூன்று வருடமும் ஒரே மேசை. அவள் பெண் என்பதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். என்னிடம் மட்டும்தான்.

டைட்ரேஷன் முடிந்து குடுவையில் இளஞ்சிவப்பு வரும்போது, "ஏட்டி ஷைனி, இந்தக் கலர்ல எனக்கு ஒரு சுரிதார் எடுக்கணும்" என்பாள். ரெக்கார்டில் அவள் கையெழுத்துதான் வகுப்பிலேயே அழகு. என் படங்களைக்கூட அவளே வரைந்து தருவாள்.

"டிகிரி கையில வரட்டும். எர்ணாகுளத்துக்குப் போயிருவேன். அதுவர வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாண்டாம், கேட்டியா?"

கேட்டேன். தலையும் ஆட்டினேன்.

மூன்றாம் வருடம், கடைசிப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, கல்லூரியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, திருநங்கையரை ஏற்றுக்கொள்வது பற்றி. மற்றவர்கள் இணையத்தில் தேடி எழுதினார்கள். எனக்குத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாலு மணிக்கு அவள் சொன்னதையெல்லாம் எழுதினேன். சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் பெண்கள் வரிசையில் போய் நின்று அடி வாங்கியதை எழுதினேன். நகம் துடைப்பதை எழுதினேன். "என் தோழி ஒருத்தி" என்று மட்டும் போட்டேன். பெயரைச் சொல்லவில்லையே, அது போதும் என்று நினைத்தேன்.

முதல் பரிசு கிடைத்தது. ஆடிட்டோரியத்தில் வாசிக்கச் சொன்னார்கள்.

அசிட்டோன் என்ற வார்த்தை வந்ததும், எங்கள் வகுப்பு உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் ஒவ்வொரு தலையாக ஆண்கள் வரிசைப் பக்கம் திரும்பியது. அவள் எழுந்து போகவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தேன்... பார்த்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நல்ல கைதட்டல்.

யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே அது அருமனையில் அவர்கள் சர்ச் வாட்ஸப் குரூப் வரைக்கும் போய்விட்டது.

திங்கட்கிழமை அவளுடைய அப்பா வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, துறைத்தலைவர் அறைக்கு வெளியே நின்றார். பக்கத்தில் ஷீபா. கழுத்து வரை வளர்த்திருந்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளே, நீ எழுதினது எனக்க மகனப் பத்தியா?"

'இல்லை, கற்பனை' என்று சொல்லியிருக்கலாம். ஷீபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் மைக்கில் பேசியவளுக்கு ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, நீ போ மக்கா" என்றார். அன்றே டி.சி. வாங்கிவிட்டார்கள். கடைசி பிராக்டிகலை அந்த மேசையில் நான் தனியாகத்தான் செய்தேன்.

போன கிறிஸ்துமஸ் சமயம், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் அவளைப் பார்த்தேன். நீல நிறச் சுரிதார், தோளில் பை. அவள்தான் முதலில் பேசினாள்.

"ஷைனி... நல்லா இருக்கியா?"

வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி லேபில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குகிற வேலை. பக்கத்து மேசையில் சோதனை செய்கிற பெண்களுக்கு பி.எஸ்சி. இருக்கிறதாம். அவளுக்கு இல்லை.

"என்ன மன்னிச்சிரு" என்றேன்.

"எதுக்கு? நல்லதுதானே எழுதின. அதுல ஒரு பொய்யும் இல்ல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, பரீட்ச முடியட்டும்னு சொல்லியிருப்பேன். மூணு மாசம்தானே, ஷைனி."

நான் இப்போது பி.எட். படிக்கிறேன். என் பழைய கல்லூரி விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு ஜூனியர் பெண் என் கட்டுரையை ஆண்டு மலரில் மறுபடி போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். எதையும் எழுதும் முன், அது யாருடைய கதையோ அவர்களிடம் கேள் என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை... ஏன் என்று கேட்பாளே.

அன்றைக்கு மேம்பாலத்துக்கு அடியில் பஸ் வந்ததும் அவசரமாக ஷீபாவிடம் நம்பர் கேட்டேன்.

"நான் கூப்பிடுகேன்" என்றாள்.

முன்பெல்லாம் நாலு மணி வரை பேசியும் போதாமல், அருமனை பஸ்ஸில் உட்கார்ந்ததும் மெசேஜ் அனுப்புவாள். அவளிடம் இருந்த என் பழைய நம்பரை நான் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டது. புது நம்பர் என்ன என்று அவள் கேட்கவில்லை.