நைனாவுக்கு ஆகாத காப்பி

காப்பி குடித்தால் கல்லீரலுக்கு நல்லது என்று என் தம்பி கைபேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்தி பொய் என்பதால் இல்லை. என் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். நல்லது செய்யலாம் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் குடியை விடாதவருக்குக் காப்பியை நம்பிப் பிரயோசனம் இல்லை என்றார். எழுபதுகளின் கடைசியில் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்று சிரித்திருப்பார்கள்.

அந்தக் குப்பத்தில் என் நைனாவைப் போலக் காப்பி குடிக்கிறவர் யாரும் இல்லை. மீன் பிடிக்க ஏரிக்குக் கிளம்பும் முன் வெல்லம் போட்ட கடுங்காப்பி ஒரு சொம்பு, வலையை இழுத்துவிட்டுக் கரையேறியதும் இன்னொரு சொம்பு. நான் அப்போது மீஞ்சூருக்குத் தையல் பழகப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே அரைத்துக் கொடுக்கும் கடையில் சிக்கரி கம்மியாகப் போடச் சொல்லி வாங்கிவருவேன். பொட்டலத்தை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நைனா என்னிடம் வேறு பேச்சே பேசுவார்.

காப்பியோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஏரியில் யார் எந்த இடத்தில் என்று முறைவைத்து மீன் பிடிப்பதைப் பாடு என்போம். நல்ல பாடு அமைந்த அன்று நைனாவும் கூட்டாளிகளும் படகை நேரே வடக்கே விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஏரியின் வடகரை ஆந்திரா, அங்கே கள்ளுக்கடை. மீன் படாத அன்றும் மனசு சரியில்லை என்று போவார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் நைனாவின் கண் மஞ்சளாகிப்போனது. அம்மாதான் முதலில் கவனித்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டு, காப்பிதான் காரணம், பித்தம் ஏறிவிட்டது என்று தீர்ப்பு சொன்னது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, காப்பி வாசனைகூட ஆகாது. தூள் டப்பாவை அம்மா பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கள் மட்டும் குளிர்ச்சியாம்! மரத்திலிருந்து இறங்குவதாம், உடம்புச் சூட்டைத் தணிக்குமாம். கூட்டாளிகள் மொந்தையில் கொண்டுவந்து வீட்டிலேயே கொடுத்தார்கள். அது சூடாகாமல் இருக்க அம்மா ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தாள். நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒருவழியாக நைனாவைப் பஸ்ஸில் ஏற்றிப் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வயிற்றை அமுக்கிப் பார்த்தவர், ஈரல் வீங்கியிருக்கிறது, கள்ளும் சாராயமும் இனி ஒரு சொட்டு கூடாது, தொட்டால் ஆள் தங்க மாட்டார் என்று எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டே சொன்னார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அம்மா, காப்பி தரலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

டாக்டருக்கே சலித்துவிட்டது. "காப்பியால ஒண்ணும் ஆயிடாதும்மா. நான் எதைச் சொல்றேன், நீங்க எதைக் கேக்குறீங்க?"

திரும்பும் வழியில், சின்னப் பையனாட்டம் இருக்கிறாரே, இவருக்குப் பித்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா முடிவுகட்டினாள். மருந்துக்குக் குடிப்பதெல்லாம் குடியில் சேராது என்று நைனா முடிவுகட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்த எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

தை பிறப்பதற்குள் மஞ்சள் இறங்கிவிட்டது. அதுதான் கெடுத்தது. காப்பியை விட்டதால் பிழைத்தார் என்று ஊரே பேசியது. புதிதாக யாருக்குக் கண் மஞ்சளானாலும் நைனாவைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

சில வருடங்களில் எனக்குக் குப்பத்திலேயே கல்யாணம் ஆனது. என் வீட்டில் காப்பி கொதிக்கும்போது நைனா எப்படியோ வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் டம்ளரை நீட்டி, டாக்டரே ஒன்றும் ஆகாது என்றாரே, ஒரு வாய் குடியேன் என்றேன்.

"வாணாம்மா," என்றார். "உங்களுக்காகத்தான் வாயக் கட்டிக்கினு கீறேன். தம்பிக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் நான் இருக்கணும் இல்ல?"

நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில்தான் அழுகையாக மாறியது. உயிரோடு இருக்க ஆசைப்பட்டு, உயிருக்கு உயிரான ஒன்றை விட்ட மனுஷன், அன்று சாயங்காலமும் வடக்கே போகும் படகில் ஏறினார்.

எண்பதுகளின் நடுவில் வயிறு ஊதி, கால் வீங்கி, செத்துப்போனார். தம்பி அப்போது பள்ளிக்கூடம்கூட முடித்திருக்கவில்லை.

முதல் வருஷத் திதிக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைத்தோம். மடவை மீன் குழம்பு, இறால் வறுவல், பீடிக்கட்டு. நான் என் வீட்டிலிருந்து வெல்லம் போட்ட கடுங்காப்பியை ஒரு சொம்பு நிறையக் கொண்டுபோனேன். இலையில் வைக்கக் குனிந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வாணாண்டி. உங்க நைனாவுக்கு ஆவாது."

இலைக்குப் பக்கத்தில், ஈரத்துணி சுற்றி, கள் மொந்தை இருந்தது.